கம்பெனி திவால், ஈடு கையில்: கடன் கொடுத்தவர் எப்படிப் பணத்தை மீட்பது?

நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கு இவற்றை ஈடாகப் பெற்றுக் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும், அந்தக் கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் விழும்போது இந்தியச் சட்டப்படி என்ன செய்யலாம் என்பதற்கான பதில்கள் இவை. மூன்று தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்: ஈடு பதிவான தேதி, தடைக்காலம் (திவால் மனு ஏற்கப்பட்டதும் வசூல் நடவடிக்கைகள் நிறுத்தப்படும் காலம்) தொடங்கிய தேதி, கலைப்பு உத்தரவு வந்த தேதி. பெரும்பாலான வழக்குகளின் முடிவு இந்த மூன்றிலேயே இருக்கிறது.

பத்திரம் கையில் இருந்தால் போதாதா? ஈட்டைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

கட்டாயம். கம்பெனி தன் சொத்தை ஈடாகக் கொடுத்தால் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பிரிவு 77இன்படி 30 நாட்களுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் சிஎச்ஜி-1 படிவத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 30 நாள், அதன்பின் கடன் தொகைக்கேற்ற கட்டணத்தோடு மேலும் 60 நாள் கிடைக்கும். பதிவு செய்வது கம்பெனியின் கடமை. அது சும்மா இருந்தால் பிரிவு 78இன் கீழ் கடன் கொடுத்தவரே விண்ணப்பிக்கலாம். பதியாத ஈட்டைக் கலைப்பாளர், அதாவது கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்றுப் பங்கிடுபவர், கணக்கில் எடுக்க மாட்டார். கடன் அப்படியே இருக்கும், ஆனால் ஈடில்லாக் கடனாகிவிடும்.

இரண்டாவது பதிவு, ஈடுகளுக்கான செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவகத்தில். 2020 ஜனவரி 24 முதல், அங்கே பதியாத ஈட்டை வைத்து, நீதிமன்றம் போகாமலே ஈட்டை விற்க உதவும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கவே முடியாது (பிரிவு 26டி). மூலப் பத்திரங்கள் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும், செர்சாய் எண் மட்டும் இருக்காது. நோட்டீஸ் அனுப்பும் நேரத்தில்தான் இது வெளியே வரும். கணக்கு நன்றாக நடக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று, நிறுவனப் பதிவாளர் பதிவு, செர்சாய் பதிவு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் ஏலத்தன்று அதுவே வழக்காக வந்து நிற்கும்.

சர்ஃபேசியா, கடன் மீட்புத் தீர்ப்பாயமா, திவால் சட்டமா?

மூன்றும் வெவ்வேறு வேலைக்கானவை. 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம், நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டைக் கைப்பற்றி விற்க உதவுகிறது. கடன் மீட்புத் தீர்ப்பாயம் 20 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடன்களில், ஈடு போக மிச்சத் தொகைக்கும் ஜாமீன்தாரர்களின் மற்ற சொத்துகளுக்கும் சேர்த்து வசூல் சான்றிதழ் தரும். இவை இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தலாம் என்று 2006இல் டிரான்ஸ்கோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் வசூல் சட்டமல்ல. அது கம்பெனியை மொத்தமாக மீட்கவோ கலைக்கவோ நடக்கும் கூட்டு நடவடிக்கை. அதைத் தொடங்கியவுடன் மற்றவர்கள் கையோடு உங்கள் கையும் கட்டப்படும்.

கடனை மூடும் அளவுக்குத் தனித்து விற்கக்கூடிய ஒரு நல்ல சொத்து ஈடாக இருந்தால் சர்ஃபேசி வழியே மேல். ஈடு ஓடும் ஆலையின் ஒரு துண்டு என்றாலோ, மதிப்பு உரிமத்திலும் ஆர்டர்களிலும் இருக்கிறது என்றாலோ, பணம் வேறு பக்கம் போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலோ திவால் சட்டத்துக்குப் போவதில் பொருள் இருக்கிறது. மிரட்டலுக்காக மட்டும் அங்கே போவது பல இடங்களில் கடன் கொடுத்தவரையே காயப்படுத்தியிருக்கிறது.

சர்ஃபேசி நடவடிக்கையின் படிகள் என்னென்ன?

கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பொதுவாகத் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருக்க வேண்டும். அதன்பின் பிரிவு 13(2)இன் கீழ் 60 நாள் நோட்டீஸ். அதில் கடன் தொகை எவ்வளவு, எந்த ஈட்டின்மீது நடவடிக்கை என்ற இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். இந்த நோட்டீஸ் போன பிறகு, வழக்கமான வியாபாரம் தவிர வேறு வகையில் அந்தச் சொத்தைக் கடன் வாங்கியவர் விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது.

கடன் வாங்கியவர் ஆட்சேபம் எழுதினால் 15 நாட்களுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும் (13(3ஏ)). 60 நாள் கழிந்தபின் 13(4)இன் கீழ் சுவாதீனம் எடுக்கலாம். சுவாதீன அறிவிப்பைச் சொத்தில் ஒட்டி, 7 நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளிதழ். பிறகு அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பீடு வாங்கி ரிசர்வ் விலையை முடிவு செய்து, விற்பனைக்கு 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். முதல் ஏலத்துக்கு ஆள் வராவிட்டால் அடுத்த ஏலத்துக்கு 15 நாள் அறிவிப்பு போதும்.

ஏலம் எடுத்தவர் அன்றோ மறு வேலை நாளிலோ 25 சதவீதத்தைக் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்தை, விற்பனை உறுதியான 15 நாட்களுக்குள் கட்ட வேண்டும். எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு நீட்டித்தாலும் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது.

ஒரே சொத்தில் பல வங்கிகளுக்கு உரிமை இருந்தால், கடன் மதிப்பில் 60 சதவீதம் வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைச் சுவாதீனத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எந்த இடத்தில் பெரும்பாலும் தவறு நடக்கிறது?

ஆட்சேபத்துக்குப் பதில் அனுப்பாமல் விடுவதில், ஜாமீன்தாரருக்கும் சொத்தின் உரிமையாளருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் சேர்க்காததில், ஏல அறிவிப்பில் சொத்தின்மீது தெரிந்த வில்லங்கங்களைச் சொல்லாததில், 30 நாளை 28 நாளாக எண்ணிவிடுவதில். பெரிய சட்டப் பிரச்சினைகளால் ரத்தாகும் ஏலங்களைவிட இப்படிச் சின்ன விஷயத்தில் ரத்தாகும் ஏலங்கள் அதிகம். நோட்டீஸ் சேர்ந்ததற்கான அஞ்சல் ஒப்புகை அட்டை, ஒட்டிய புகைப்படம், நாளிதழ் பக்கம் மூன்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் வையுங்கள்.

விவசாய நிலம் இன்னொரு கண்ணி. பிரிவு 31 விவசாய நிலத்தைச் சட்டத்துக்கு வெளியே வைக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் புஞ்சை என்று இருப்பது மட்டும் முடிவைத் தராது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதைச் சான்றுகளோடு பார்க்க வேண்டும் என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. கடன் கொடுக்கும் நாளில் எடுத்த புகைப்படங்களும் ஆய்வறிக்கையும் அன்றைக்குத்தான் கைகொடுக்கும். கடன் நிலுவை அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் கீழ் வந்துவிட்டாலும் இந்தச் சட்டம் பொருந்தாது.

கடன் வாங்கியது சிறு, குறு, நடுத்தர நிறுவனம் என்றால் 2015 மே 29 அறிவிக்கை சொல்லும் மறுசீரமைப்பு நடைமுறையை வங்கி பின்பற்ற வேண்டும் என்று 2024இல் புரோ நிட்ஸ் வழக்கில் தீர்ப்பானது. அதே தீர்ப்பு, தான் அத்தகைய நிறுவனம் என்பதற்கான ஆவணங்களைக் கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சிறு தொழில் நடத்துகிறவர்கள் இந்த வரியைத் தவறவிட வேண்டாம். எல்லாம் முடிந்தபின் சான்றிதழோடு போனால் பலனில்லை.

சொத்துக்குள் ஆட்கள் இருந்து வெளியேற மறுத்தால்?

அப்போது கிடைப்பது காகிதச் சுவாதீனம் மட்டும். நேரடிச் சுவாதீனத்துக்குப் பிரிவு 14இன் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ, சென்னை போன்ற மாநகரங்களில் தலைமைப் பெருநகர நடுவரிடமோ மனு செய்ய வேண்டும். மற்ற மாவட்டங்களில் தலைமைக் குற்றவியல் நடுவரும் உத்தரவிடலாம் என்று 2019இல் உறுதியானது. சட்டம் கேட்கும் ஒன்பது விவரங்களையும் கொண்ட பிரமாண வாக்குமூலம் இணைக்க வேண்டும். 30 நாளில், காரணம் எழுதி நீட்டித்தால் மொத்தம் 60 நாளில், உத்தரவு வர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் தாமதமாகும். வாடகைதாரர் இருந்தால், அவர் வந்த தேதி அடமானத்துக்கு முன்பா பின்பா, பதிவான ஒப்பந்தம் உண்டா என்பதை மனுவுக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

கடன் வாங்கியவருக்கு என்ன தற்காப்பு?

பிரிவு 17இன் கீழ் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இவை உள்ளன. முதலில் 75 சதவீதம் கட்டினால்தான் மனு என்றிருந்த விதியை 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கு நீக்கிவிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகத்தான் 50 சதவீதம் கட்ட வேண்டும், அதை 25 வரை குறைக்கலாம்.

முழுக் கடனையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2016 திருத்தத்துக்குப் பின் இதுவே நிலை. 2023இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. ஏலத்தன்று காலையில் பணத்தோடு வந்தால் போதும் என்று இன்னமும் நம்பிச் சொத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது கம்பெனிமீது திவால் மனு ஏற்கப்பட்டால்?

ஏலம் நின்றுவிடும். திவால் சட்டம் பிரிவு 14இன் தடைக்காலம், சர்ஃபேசி உள்பட ஈட்டின் மீதான எல்லா நடவடிக்கையையும் நிறுத்துகிறது. "ஏலம் முடிந்துவிட்டது, 25 சதவீதம் வந்துவிட்டது, மீதி வர வேண்டியதுதான் பாக்கி" என்ற வாதம் செல்லாது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடர்பான ஆர்.சி.எம். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் (2022) இதுவே நடந்தது. ஏலம் 2018இல் நடந்தது, மனு 2019 ஜனவரியில் ஏற்கப்பட்டது, மீதிப் பணம் அதன்பிறகு வந்தது. முழுப் பணமும் வந்து விற்பனை முழுமையாகாத வரை சொத்து கம்பெனியுடையதே என்று விற்பனையை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

எனவே கம்பெனிமீது யாராவது மனு போட்டிருக்கிறார்களா என்பதைத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் வழக்குப் பட்டியலில் வாராவாரம் பாருங்கள். மனு ஏற்கப்படும் வரை தடை இல்லை. அந்த இடைவெளியில் ஏலம் எடுத்தவருக்கு மூன்று மாத அவகாசம் கொடுப்பது ஆபத்து.

நாமே திவால் மனு போடுவது எப்படி?

திவால் சட்டத்தின் பிரிவு 7இன் கீழ். கட்டத் தவறிய தொகை குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்க வேண்டும். 2020 மார்ச் 24க்கு முன் இது 1 லட்சமாக இருந்தது. தமிழ்நாட்டில் பதிவான கம்பெனி என்றால் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு செய்ய வேண்டும். கட்டணம் 25,000 ரூபாய். கடன் ஒப்பந்தம், கணக்கு விவரம், தகவல் பயன்பாட்டு நிறுவனத்தின் (கடன் விவரங்களைச் சேமித்து வைக்கும் நிறுவனம்) தவறுகைப் பதிவு, அதாவது கடன் கட்டத் தவறியதன் பதிவு, இடைக்காலத் தீர்வாளராக (மனு ஏற்கப்பட்டதும் கம்பெனியின் பொறுப்பை ஏற்பவர்) வருபவரின் சம்மதம் எல்லாம் இணைக்க வேண்டும்.

தேதியை இங்கே இருமுறை பார்க்க வேண்டும். தவறிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு வர வேண்டும். கடனை ஒப்புக்கொண்ட கடிதமோ, இருப்புநிலைக் குறிப்பில் அதை ஒப்புக்கொள்ளும் பதிவோ இந்தக் கெடுவைப் புதுப்பிக்கலாம். 2020 மார்ச் 25 முதல் 2021 மார்ச் 24 வரை நேர்ந்த தவறுகைகளுக்கு எப்போதுமே மனு போட முடியாது (பிரிவு 10ஏ). மனுவில் தவறுகைத் தேதியை அந்த ஓராண்டுக்குள் குறிப்பிட்டுத் தள்ளுபடி வாங்கியவர்கள் உண்டு.

2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா திவால் சட்டத்தின் பல பிரிவுகளைத் தொடுகிறது. எனவே மனு போடும் நாளில் அமலில் உள்ள வாசகத்தையே கையில் வைத்து வேலை செய்யுங்கள்.

தடைக்காலத்தில் என் ஈட்டுக்கு என்ன மதிப்பு?

ஈடு அழிவதில்லை, விற்கும் உரிமை மட்டும் உறங்குகிறது. அறிவிப்பில் உள்ள கெடுவுக்குள் படிவம் சி-யில் இடைக்காலத் தீர்வாளரிடம் கோரிக்கை கொடுங்கள். வட்டியை மனு ஏற்கப்பட்ட நாள் வரை கணக்கிட்டு, ஈட்டின் விவரத்தையும் பதிவுச் சான்றுகளையும் சேருங்கள். கடன் கொடுத்தோர் குழுவில் உங்கள் வாக்கு கடன் தொகையின் விகிதத்தில் இருக்கும், ஈட்டின் மதிப்பின் விகிதத்தில் அல்ல. 10 சதவீதக் கடனுக்கு மிகச் சிறந்த ஈட்டை வைத்திருப்பவருக்கும் 10 சதவீத வாக்குதான். மீட்புத் திட்டம் நிறைவேற 66 சதவீதம் வேண்டும்.

திட்டத்தை எதிர்த்து வாக்களித்தால், கம்பெனி கலைக்கப்பட்டிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் தொகைக்குக் குறையாமல் தர வேண்டும். அதையும் ஆதரித்தவர்களுக்கு முன்பாகத் தர வேண்டும். "என் ஈட்டின் முழு மதிப்பையும் கொடு" என்று கேட்க முடியாது என்று 2021இல் அமித் மெட்டாலிக்ஸ் வழக்கு சொன்னது. 2024 ஜனவரியில் ருச்சி சோயா தொடர்பான டிபிஎஸ் வங்கி வழக்கில் இன்னொரு அமர்வு இதில் மாறுபட்டுப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. நல்ல ஈடு வைத்திருக்கும், சிறிய தொகை கடன் கொடுத்தவருக்கு நியாயம் கிடைக்க இந்தக் கேள்விக்குத் தெளிவான முடிவு அவசியம்.

மறுபக்கம், ஈட்டின் தரத்தைப் பார்த்துப் பங்கைக் கூட்டிக் குறைக்கக் குழுவுக்கு உரிமை உண்டு. எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கச் சொன்ன மேல்முறையீட்டுத் தீர்ப்பை 2019 நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஆகவே குழுக் கூட்டத்தில் உங்கள் ஈட்டின் தனி மதிப்பீட்டை எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

ஜாமீன்தாரரையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். கம்பெனியின் தடைக்காலம் ஜாமீன்தாரரைக் காக்காது. 2018இல் ஸ்டேட் வங்கி தொடர்பான வழக்கிலும் அதே ஆண்டின் பிரிவு 14(3) திருத்தத்திலும் இது உறுதியாகிவிட்டது. மீட்புத் திட்டம் நிறைவேறினாலும் இயக்குநர் கொடுத்த ஜாமீன் தானாக முடிந்துவிடாது. ஆனால் அந்த ஜாமீன்தாரரே தன் பெயரில் திவால் மனு போட்டால், மனு போட்ட நாளிலேயே பிரிவு 96இன் இடைக்காலத் தடை அவர் கடன்களுக்கு வந்துவிடும். அவருடைய வீட்டுக்கு ஏலத் தேதி குறித்தபின் இந்த மனு வருவது வழக்கமாகிவிட்டது.

கம்பெனி வேறொருவரின் கடனுக்காகத் தன் நிலத்தை அடமானம் வைத்திருந்தால்?

அங்கே நீங்கள் ஈடு உள்ளவர், ஆனால் அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர் அல்ல. ஜேபி இன்ஃப்ராடெக் வழக்கில் (2020) தாய்க் கம்பெனியின் கடனுக்குத் துணைக் கம்பெனி தன் நிலத்தை அடமானம் வைத்திருந்தது. கொடுத்த வங்கிகள் துணைக் கம்பெனியின் நிதிக் கடன் கொடுத்தோர் அல்ல என்றும், அந்த அடமானங்கள் ஒருசாராருக்குக் காட்டிய சலுகை என்றும் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. குழுவில் இடமும் போனது, ஈடும் போனது. இத்தகைய சலுகைகளில், திவால் நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து, தொடர்புடையவர்களோடு செய்தவற்றுக்கு 2 ஆண்டு, மற்றவர்களோடு 1 ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பார்கள். குழுமக் கம்பெனிகளின் நிலத்தை ஈடாக வாங்கும்போது கூடவே ஜாமீன் ஒப்பந்தமும் வாங்குங்கள்.

கலைப்பு உத்தரவு வந்தபின் நானே விற்கலாமா, கலைப்பாளரிடம் விட்டுவிடலாமா?

இந்தத் தேர்வு திவால் சட்டம் பிரிவு 52இல் ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். கலைப்புத் தொடங்கிய 30 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்காவிட்டால், ஈட்டைக் கலைப்புச் சொத்தில் விட்டுக்கொடுத்ததாகவே கருதப்படும்.

விட்டுக்கொடுத்தால் பிரிவு 53இன் வரிசையில் செலவுகளுக்கு அடுத்த இடத்தில், தொழிலாளர்களின் 24 மாத நிலுவையோடு சமமாக நிற்பீர்கள். கணக்கைப் பாருங்கள். விற்பனையில் 40 கோடி, செலவு 3 கோடி, தொழிலாளர் நிலுவை 2 கோடி, விட்டுக்கொடுத்தவர்களின் கடன் 98 கோடி என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் 37 கோடி, 100 கோடிக் கடனுக்கு 37 சதவீதமாகப் பிரியும். தொழிலாளருக்கு 74 லட்சம், உங்கள் வகுப்புக்கு 36.26 கோடி.

தானே விற்க விரும்பினால் செலவிலும் தொழிலாளர் நிலுவையிலும் உங்கள் பங்கை 90 நாளுக்குள் கலைப்பாளரிடம் கட்ட வேண்டும். கடனுக்கு மேல் வந்த தொகையை 180 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் சொத்து கலைப்புச் சொத்தாகிவிடும். என்ன விலைக்கு விற்கப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். 21 நாளுக்குள் கூடுதல் விலைக்கு வாங்குபவரைக் கலைப்பாளர் காட்டினால் அவருக்கே கொடுக்க வேண்டும். பிரிவு 29ஏ-யில் தகுதியிழந்தவருக்கு, அதாவது பெரும்பாலும் பழைய முதலாளிக்கு, விற்கக் கூடாது. விற்றும் கடன் தீராவிட்டால், மிச்சத் தொகைக்கு வரிசையில் பின்னே தள்ளப்பட்டு, அரசு நிலுவையோடு நிற்பீர்கள். இந்தக் கடைசி விளைவைக் கணக்கிடாமல் பலர் தாமே விற்க முன்வருகிறார்கள். கடனை முழுதாக மூடும் ஈடு இருந்தால் தவிர, விட்டுக்கொடுப்பதே பல சமயம் லாபம்.

ஒரே சொத்தில் பலருக்கு உரிமை இருந்து ஒருவர் மட்டும் மறுத்தால்? சென்னையின் சுரானா பவர் கலைப்பில் 73.76 சதவீதம் வைத்திருந்தவர்கள் விட்டுக்கொடுத்தார்கள், 26.24 சதவீதம் வைத்திருந்த பெல் (பிஎச்இஎல்) நிறுவனம் மறுத்தது. சர்ஃபேசியின் 60 சதவீத விதியைப் பின்பற்றி, பெரும்பான்மையின் முடிவே எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று 2020இல் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது.

வரி பாக்கியும் வைப்பு நிதி பாக்கியும் நமக்கு முன்னால் வருமா?

சர்ஃபேசியில், செர்சாயில் பதிந்தபின் அரசின் வரிகளுக்கு முன்னுரிமை உங்களுக்கு (26இ). திவால் சட்டத்தில் அரசு நிலுவை பின்வரிசை. ஆனால் 2022இல் ரெயின்போ பேப்பர்ஸ் வழக்கு, குஜராத் மதிப்புக் கூட்டு வரிச் சட்டம் கொடுத்த முதல் உரிமையால் மாநில அரசும் ஈடு உள்ளவரே என்றது. 2023இல் ராமன் இஸ்பாட் வழக்கு அதை அந்தச் சட்டத்தின் சூழலோடு சுருக்கிவிட்டது. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 82 தன் முதல் உரிமையைத் திவால் சட்டத்துக்கு உட்பட்டதாகவே வைத்திருக்கிறது. தொழிலாளர்களின் வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதிப் பணம் கலைப்புச் சொத்திலேயே சேராது. அது அவர்களுடைய பணம், அதைக் கணக்கில் எண்ணாதீர்கள்.

வங்கி ஏலத்தில் வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

செர்சாய் தேடல், வில்லங்கச் சான்று, பிரிவு 17இல் நிலுவை வழக்கு, கம்பெனிமீது திவால் மனு, மின்சாரம் மற்றும் சொத்து வரி பாக்கி. இவற்றுக்கு மேல், மீதி 75 சதவீதத்துக்கான பணம் கெடுவுக்குள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 25 சதவீதம் கட்டிவிட்டுக் கெடுவைத் தவறவிட்டால், வங்கிக்கு நட்டமே வராவிட்டாலும் அந்த 25 சதவீதம் முழுவதையும் பறிமுதல் செய்யலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வந்தபின் ஏலத்தில் கலந்துகொள்ளுங்கள்.